நவம்பரில் மூடாத கதவு

2021 நவம்பர். நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை, மலையில் நான் புதிதாகக் கட்டிய மர வீட்டின் வாசல் கதவைச் சாத்தப் போனேன், கதவு நிலைக்குள் போக மறுத்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒற்றை விரலால் தள்ளினால் போதும், போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போது தோளால் முட்டியும் நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் அறையின் நடுவே தரைப் பலகைகள் கூடாரம் மாதிரி எழும்பி நின்றன. காலை வைத்ததும் பொதுக்கென்று அமுங்கி மறுபடி மேலே வந்தன.

ஆசாரிக்குப் போன் போட்டேன். "தண்ணி குடிச்சிருக்கு தம்பி. இப்ப ஒண்ணும் கையை வைக்காதீங்க. தை பிறக்கட்டும்" என்றார். அவர் குரலில் ஆச்சரியமே இல்லை. ஏன் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் மாமாவுக்கு ஒரு சின்னக் காப்பித் தோட்டம் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்து திண்டுக்கல் வழியாக மேற்கே போனபோது எங்கள் சரிவில் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. காப்பிக்கு நிழல் தரவும் மிளகுக்கொடி ஏற்றவும் வைத்த மரங்கள். உயரமாக வளரும், ஊறிய மண்ணில் காற்று ஒரு தள்ளு தள்ளினால் போச்சு. விழுந்ததை விறகு விலைக்குக் கேட்டு வந்தவர்களை மாமா திருப்பி அனுப்பினார். "நீதான் வீடு வீடுன்னு படம் போட்டுட்டு இருக்கியே, எடுத்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டார். வீடு அங்கிருந்து தொடங்கியது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலைப் பகுதியில் சொந்தத் தோட்டத்து மரமானாலும் நினைத்தபடி வெட்ட முடியாது, 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விழுந்த மரத்தைக் கீழே கொண்டுபோகக்கூட அனுமதிச் சீட்டு வாங்கித்தான் போனோம். கட்டடத்துக்கும் அப்படித்தான். 1990இல் அமைந்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் பென்சிலை எடுங்கள். எனக்கு வரைபடத்தைவிட இதற்குத்தான் அதிக நாள் ஆயிற்று.

இடம் தேர்வு செய்ததில் ஒரு சிக்கல் இருந்தது. பள்ளத்தாக்குக் காட்சி வடகிழக்கில். எங்கள் பக்கம் பெருமழை வருவதும் அதே வடகிழக்கிலிருந்து, ஐப்பசி கார்த்திகையில், சாய்வாக. காட்சிக்காகப் பெரிய கண்ணாடி வைத்தால் மழை நேராக அதில்தான் அறையும். முதல் வரைபடத்தில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, முன்னால் இரண்டடி நீட்டம், அழகான படம். அதை எடுத்துக்கொண்டு ஒரு கார்த்திகை மழையில் குடையோடு அந்த இடத்தில் போய் நின்றேன். இடுப்புக்கு மேல் மட்டும்தான் காய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து படத்தைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது படத்தில் அறை 14க்கு 20 அடி, அவ்வளவுதான். வடகிழக்குப் பக்கம் ஏழடி அகல வராந்தா. கண்ணாடிச் சுவர் அதற்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். வராந்தாவின் இரண்டு ஓரங்களிலும் வெளிப்பக்கம் சரிந்த மரச் சட்டங்கள். இந்த யோசனை தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் பார்த்தது. அங்கே மர அழிகள் வெளியே சாய்ந்திருக்கும். உள்ளே நிற்பவருக்குத் தெருவும் தெரியும், காற்றும் வரும், மழை மட்டும் வராது. மரத்தில் கட்டியவர்கள் மழையை எப்படி யோசித்தார்கள் என்று தெரிந்துகொள்ள அந்த அரண்மனையில் அரை நாள் சுற்றினால் போதும்.

தெற்குச் சுவருக்கு வேறு கணக்கு. எங்கள் இடம் ஏறத்தாழ பத்து டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஜூனில் உச்சிச் சூரியன் தலைக்கு மேலே கொஞ்சம் வடக்கே நிற்கும், தெற்கு ஜன்னலில் மதிய வெயில் விழாது. டிசம்பரில் அதே சூரியன் தெற்கே சாய்ந்து 56 டிகிரி உயரத்தில் இருக்கும். இறவாரத்தை இரண்டடி நீட்டினால் அதன் நிழல் மூன்றடி இறங்கும், அதற்குக் கீழே வெயில் உள்ளே வரும். எட்டடியில் இறவாரம், ஆக ஐந்தடிக்குக் கீழே மார்கழி வெயில். அந்த இடத்தில் ஜன்னலோரமாக ஒரு மரத் திண்ணை போட்டேன். இந்த வீட்டில் சொன்ன சொல் மாறாமல் வேலை செய்கிற ஒரே பகுதி அதுதான்.

தரையைச் சமப்படுத்த ஜேசிபி கொண்டுவரலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அரை நாள் வேலை. ஆனால் சரிவை வெட்டினால் பின்னால் ஒரு மண்சுவர் நிற்கும், அதைத் தாங்க ஒரு கல்சுவர், அதற்குப் பின்னால் தேங்கும் தண்ணீருக்கு ஒரு வழி என்று வேலை நீண்டுகொண்டே போகும். அதனால் மலையை விட்டுவிட்டு வீட்டைத் தூக்கினோம். பந்தல் திராட்சைத் தோட்டங்களில் நடுகிற கல்லுக்காலைப் பார்த்திருப்பீர்கள். அதையே கொஞ்சம் தடியாக, எட்டங்குலச் சதுரத்தில் சொல்லி வாங்கினோம். அறைக்குப் பன்னிரண்டு, வராந்தாவுக்கு நான்கு. மூன்றடிக் குழி, கான்கிரீட். மேல்சரிவில் தரைக்கு மேல் இரண்டடி, கீழ்ச்சரிவில் ஆறடி. பதினாறு தலையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர ரசமட்டம் உதவாது. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பிடித்துக்கொண்டு கொத்தனாரும் நானும் இரண்டு நாள் காப்பிச் செடிகளுக்குள் ஏறி இறங்கினோம்.

கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு துத்தநாகத் தகடு. கல்லின் எல்லாப் பக்கமும் இரண்டங்குலம் வெளியே நீண்டு, ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும், தொப்பி மாதிரி. கரையான் இதைப் பார்த்துத் திரும்பிப் போய்விடாது. தகட்டைச் சுற்றிக்கொண்டு மண்குழாய் கட்டித்தான் மேலே ஏறும். ஆனால் அந்த மண்குழாய் நம் கண்ணில் படும், துடைத்துவிடலாம். மாதம் ஒருமுறை டார்ச்சோடு வீட்டுக்கு அடியில் குனிந்து போகிறேன். இதுவரை இரண்டு முறை துடைத்திருக்கிறேன். வீடு தூக்கி நிற்பதால்தான் குனிந்தாவது போக முடிகிறது.

மேலே வரும் மழைநீர் வீட்டுக்கு அடியில் பாயாமல் இருக்க, மேல்சரிவில் பிறை வடிவத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி இரண்டு பக்கமும் காப்பிக்குள் பிரித்துவிட்டோம். வரைபடத்தில் இல்லாத வேலை. இதை மட்டும் மறந்திருந்தால் மற்ற எல்லாமே வீண்.

இனி மரத்துக்கு வருகிறேன். சில்வர் ஓக் நல்ல மரம்தான், ஆனால் தேக்கு இல்லை. இலேசானது, அறுக்கச் சுலபம், மழையிலும் மண்ணிலும் நின்றால் சீக்கிரம் உளுத்துப்போகும். பிளைவுட்டுக்கும் பெட்டிக்கும் போகிற மரம். அதனால் ஆசாரி ஒரு கோடு போட்டார்: வீட்டைத் தாங்குவது வேறு மரம், மூடுவது சில்வர் ஓக். தூணுக்கும் உத்திரத்துக்கும் காரைக்குடியில், இடித்த வீடுகளிலிருந்து வந்த பழைய தேக்குச் சட்டங்கள் வாங்கினோம். வைரம் பாய்ந்த மரம், முறுக்கு வேலையெல்லாம் என்றைக்கோ முடிந்து அடங்கியது. ஆனால் உள்ளே என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. வத்தலக்குண்டில் ஒரு மில்லில் முதல் சட்டத்தை அறுக்கும்போதே 'கிறீச்' என்று ஒரு சத்தம், பட்டை ரம்பம் அறுந்து சுருண்டு விழுந்தது. நடு மரத்தில் சதுரத் தலை ஆணி ஒன்று, மேலே மரம் மூடி வளையமாகக் கறுத்திருந்தது. ரம்பத்தின் விலையைக் கொடுத்தேன். அப்புறம் ஒரு மெட்டல் டிடெக்டர் வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு சட்டத்தையும் தடவிப் பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போட்ட பிறகே மில்லுக்குள் விட்டார்கள்.

சில்வர் ஓக்கிலும் ஒரு பாடம் இருந்தது. புயலில் விழுந்த மரங்களை 2019 பிப்ரவரியில்தான் அறுத்தோம். அதற்குள் மூன்றில் ஒரு பங்கில் வண்டு புகுந்து ஊசித்துளைகள் போட்டிருந்தது, அது விறகாயிற்று. மிச்சத்தை அறுத்தபோது ஒன்று பார்த்தேன். மரத்தை நடுவிலிருந்து ஆரமாக அறுத்த பலகைகளில் சல்லடைத் துணி விரித்த மாதிரி ஒரு மினுமினுப்பு, பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் அலைபோல நகரும். அதை மட்டும் தனியே எடுத்து உள் மேற்கூரைக்கு ஒதுக்கினேன். அதே நாள் ராத்திரி என் முன்கை இரண்டும் தடித்துச் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. இந்த மரத்தின் சாறும் தூளும் சிலருக்குத் தோலில் ஆகாது. அந்தச் சிலரில் நானும் ஒருவன். அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை, முகமூடி. ஆசாரிக்கு ஒன்றுமே ஆகவில்லை, சிரித்துக்கொண்டே உளியைத் தீட்டினார்.

பச்சையாக இருக்கும்போதே பூச்சி மருந்து ஊறவைப்பது நல்லது, ஈரம் இருக்கும் மரத்தில்தான் மருந்து உள்ளே பரவும். நூறு லிட்டர் தண்ணீருக்கு மூன்று கிலோ போரிக் ஆசிட், நாலரைக் கிலோ வெங்காரம். நீளமாகப் பள்ளம் தோண்டித் தார்ப்பாய் விரித்து அதில் கரைத்துப் பலகைகளை முக்கி எடுத்தோம். பிறகு மூன்று வாரம் மூடி வைத்தோம், அப்புறம்தான் காயப்போட்டோம். இந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும், ஆகவே நனையாத இடத்துக்குத்தான் இது. வெளிச்சுவருக்கும் தரைச் சட்டங்களின் அடிப்பக்கத்துக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய், கரேலென்று, இரண்டு கை. அதுவும் தோலைப் பொத்துவிடும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

உள்பக்கத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினோம். ஒரு மாலை வேலை முடிந்து எண்ணெய்த் துணிகளைக் கசக்கி ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டு வைத்தேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து வாளியை நகர்த்தினால் வெதுவெதுவென்று சுடுகிறது. அருகில் நெருப்பே இல்லை. இந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடு கக்கும், துணி பந்தாகக் கிடந்தால் சூடு வெளியேற வழியின்றித் தானே பற்றிக்கொள்ளும். படித்தது எல்லாம் வாளியைத் தொட்ட பிறகு. இப்போது துணியை வேலியில் விரித்துக் காயப்போடுகிறேன், அல்லது தண்ணீரில் முக்கிவிடுகிறேன்.

2021 ஜனவரியில் சட்டகம் எழும்பியது. தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் ஒன்றின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளைக்குள் செருகி, குறுக்கே மர முளை அடித்த மூட்டு. துளைகளை ஆசாரி நேர்கோட்டில் போடவில்லை. செருகும் முனையின் துளையை அரை நூல் உள்ளே தள்ளிப் போட்டிருந்தார். நூல் என்றால் ஆசாரிகள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. முளையை அடிக்க அடிக்க அது வளைந்துபோய் மூட்டை இழுத்து இறுக்குகிறது. கடைசி அடியில் சத்தம் மாறும், 'டொக்' என்பது 'ணங்' ஆகும். அதோடு சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார்.

கூரைக்கு ஓடு போட ஆசைப்பட்டேன். மங்களூர் ஓடு ஒன்று ஏறத்தாழ இரண்டரைக் கிலோ, நனைந்தால் இன்னும் கூடும், கைமரம் தடியாக வேண்டும். அதையும் செய்திருப்பேன். பக்கத்துத் தோட்டத்து ஓட்டு வீட்டில் குரங்குக் கூட்டம் காலை நேரத்தில் ஓட்டைப் புரட்டிப் பூச்சி தேடுவதைப் பார்த்த பிறகு ஆசை போய்விட்டது. பழுப்பு நிறத் தகரம், அதற்குக் கீழே ஓரங்குலம் காற்று போகும் இடைவெளி, அதற்குக் கீழே பலகை. பலகை இருப்பதால் மழைச் சத்தம் பேச்சை அமுக்குவதில்லை, தூக்கத்தைத் தருகிறது. குளியலறையை மட்டும் மரத்தில் கட்டவில்லை. ஆறடி தள்ளிச் செங்கல்லில் தனியாக. இதில் யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்.

இனி அந்தத் தரைக்கு வருகிறேன்.

இழைப்பதற்காகத் தரைப் பலகைகளை ஏப்ரலில் வத்தலக்குண்டுக்கு அனுப்பினோம். மே மாதம் ஊரடங்கு. பலகைகள் கீழே ஒரு தகரக் கொட்டகையில், கோடை முழுக்க, வெந்துகொண்டு கிடந்தன. ஆகஸ்ட் கடைசியில்தான் மேலே வந்து சேர்ந்தன. ஈரம் பார்க்கும் மீட்டரில் பத்து சதவீதம். எனக்குப் பெருமை, நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று. ஆசாரி ஒரு பலகையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கீழ்நாட்டுக் காய்ச்சல். ஒரு மாசம் வராந்தாவுல அடுக்கி வைங்க, மலைக்காத்தைக் குடிக்கட்டும். அப்புறம் அடிப்போம்."

ஒரு மாதம் போனால் மழை வந்துவிடும். அவருக்கும் அடுத்த வேலை காத்திருந்தது. நான் கேட்கவில்லை. செப்டம்பரில் பலகைகளை இடைவெளியில்லாமல் நெருக்கித் தட்டி அடிக்கச் சொன்னேன். தாள் நுழையாத இணைப்பு என்று படம்கூட எடுத்தேன்.

நவம்பரில் மீட்டர் 17 காட்டியது. மரம் நீளவாக்கில் அநேகமாக நீள்வதில்லை, அகலவாக்கில்தான் ஊதும். ஆறங்குலப் பலகை அரை நூல் ஊதினால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் பதினான்கு அடிக்கு இருபத்தெட்டுப் பலகை. இருபத்தெட்டு அரை நூல் என்றால் ஒன்றே முக்கால் அங்குலம். இரண்டு பக்கமும் சுவரில் முட்டிக்கொண்டு போக இடமில்லாமல் மேலே எழும்பிவிட்டது. கதவுக்கும் அதே கதைதான்.

தை பிறந்து பத்து நாள் கழித்து வந்தார். "சொன்னேனே" என்று ஒரு வார்த்தை இல்லை. சுவரோரப் பலகைகளைக் கழற்றி, எல்லாவற்றையும் எண் போட்டு எடுத்து, வராந்தாவில் இடைக்கட்டை வைத்து அடுக்கினார். ஒரு மாதம் முழுக்க அப்படியே இருந்தது, சட்டங்களுக்கு மேல் குறுக்கே நாலு பலகை போட்டு நடந்தோம். மார்ச்சில் மீட்டர் 13க்கு வந்து நின்றது. இந்த முறை பலகைக்குப் பலகை கால் நூல் இடைவெளி, அளவுக்குப் பழைய ஹேக்ஸா பிளேடையே நடுவில் செருகி எடுத்தார். சுவரோரம் இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் விட்டு, அதை மறைக்கச் சுவரில் மட்டும் ஆணி அடித்த ஓரச்சட்டம். கடைசிப் பலகை நீளவாக்கில் கிழித்துக் குறுக்கப்பட்டது. அதன் வெட்டுத்துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, ஏறத்தாழ மூன்றங்குல அகலம், இருபதடி நீளம். துணி காயப்போடுகிறோம்.

கதவை அவர் அடியில் தொடவே இல்லை. பூட்டுப் பக்கம் மட்டும் இழைப்புளியால் ஒரு நூல் எடுத்தார். வெயில் காலத்தில் அந்த இடுக்கு வழியாக வெளிச்சம் கோடாக விழுகிறது. விழட்டும் என்றார்.

அந்த முதல் மழையில் தெரிந்த இன்னொரு தப்பு என்னுடைய வடிவமைப்பில். வராந்தாத் தூண்களை இரும்புச் செருப்பில், அதாவது கீழே மூடிய தகட்டுப் பெட்டியில், நிறுத்தியிருந்தேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது. தூண் வழியாக வழியும் தண்ணீர் அந்தப் பெட்டியில் கிண்ணம் மாதிரித் தேங்கியது. மரத்தின் அடிமுனை ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சும். பழைய தேக்காக இருந்தும் ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்துப் பூஞ்சை பிடித்தது. ஜாக்கி வைத்து உத்திரத்தைத் தாங்கி, ஒவ்வொரு தூணாக அடியில் நாலங்குலம் அறுத்து, அரை அங்குலம் காற்று போகும்படி நடுவில் ஒற்றைத் தகட்டில் நிற்கும் தாங்கியாக மாற்றினோம். மரம் நனைவதால் கெடுவதில்லை. நனைந்தது காய வழி இல்லாவிட்டால்தான் கெடும். இதை நான் பேச்சில் நூறு முறை சொல்லியிருக்கிறேன், பெட்டியை வரைந்ததும் நான்தான்.

கண்ணாடிச் சுவரிலும் ஒரு வருத்தம். முதல் வாரத்திலேயே ஒரு சின்னப் பறவை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டது, கண்ணாடியில் தெரிந்த மரங்களை நம்பிப் பறந்து வந்து மோதி விழுந்தது. கையில் எடுத்தபோது சூடு இருந்தது, உயிர் இல்லை. பருந்துப் படம் ஒட்டினோம், அதனால் ஒரு பயனும் இல்லை. பிறகு கண்ணாடிக்கு வெளியே மேலிருந்து கீழாக மெல்லிய கயிறுகளை நாலங்குலத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டோம். காற்றில் லேசாக ஆடும். உள்ளே உட்கார்ந்து பார்க்கும்போது முதல் நாள் உறுத்தியது, இப்போது கண்ணே அதை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை.

போன மாசி மாதம் ஒரு ராத்திரி வீடு மெல்ல அதிர்ந்தது. பொறுமையாக, விட்டு விட்டு. டார்ச் அடித்து வராந்தா ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் கீழ்ச்சரிவு மூலைக் கல்லுக்காலில் ஒரு காட்டுமாடு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அது நெடுநாளாக வந்துபோகும் தடத்தில்தான் நாங்கள் கல்லை நட்டிருக்கிறோம். வெளிச்சத்தைப் பார்த்து ஒருமுறை மூச்சை விட்டது, மறுபடி தேய்த்தது. காலையில் இறங்கிப் பார்த்தேன். கல் அசையவில்லை. கரையான் தகடு மட்டும் ஒரு பக்கம் மேல்நோக்கி மடங்கிப் போயிருந்தது, அந்த வழியாகக் கரையான் நேராகவே ஏறிவிடலாம். ஆசாரியிடம் சொன்னேன். தகடு மாற்ற வேண்டுமென்றால் மூலையைத் தூக்க வேண்டும். அதற்கு ஜாக்கி வேண்டும். அவருக்குத் தைக்கு மேல்தான் ஒழியும்.

"அதுவரைக்கும்?" என்றேன்.

"அதுவரைக்கும் வாரா வாரம் குனிஞ்சு பாருங்க" என்றார்.